புது டிவி, பழைய ஸ்பீக்கர்: எந்த வயரைப் பொருத்துவது?

தீபாவளி மலிவு விற்பனையில் புதிய டிவி வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் பலருக்கு அந்தச் சிக்கல் தெரிய வருகிறது. பழைய ஹோம் தியேட்டரின் சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருக டிவியின் பின்னால் துளையே இல்லை. அதற்காகப் பழைய செட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எந்த இணைப்பு எதற்கு உதவும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

அனலாக்

சிவப்பு வயர் வலப்பக்க ஒலியையும் வெள்ளை வயர் இடப்பக்க ஒலியையும் கொண்டு செல்லும். இரண்டு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கவும் செய்தி பார்க்கவும் இது தாராளம். ஆனால், வயர் நீளமாகி மின்கம்பிகளை ஒட்டிச் சென்றால் இரைச்சல் கலந்துவிடும்.

டிஜிட்டல்

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 செட்டுக்கு இதுவே பொருத்தம். இதில் இரண்டு வகை பரவலாக உண்டு.

ஆப்டிக்கல் வயரில் ஒலி வெளிச்சமாக மாறிச் செல்கிறது. மின்சாரம் பாயாததால் அதன் வழியே மின் இரைச்சல் ஏறாது. கூர்மையாக மடக்கினால் பழுதாகிவிடும்.

எச்டிஎம்ஐ ஏஆர்சி 2009இல் வந்தது. டிவி ரிமோட்டிலேயே செட்டின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு கருவிகளிலும் ‘ஏஆர்சி’ என்று குறித்துள்ள துளையில்தான் செருக வேண்டும். டால்பி அட்மோஸ் சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம். ஆப்டிக்கலில் அட்மோஸ் வராது.

பழைய செட்டில் அனலாக் துளை மட்டும் இருந்தால்?

முதலில் டிவியில் ஹெட்போன் துளை உண்டா என்று பாருங்கள். அதிலிருந்து சிவப்பு, வெள்ளையாகப் பிரியும் வயர் கடைகளில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால், டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சிறு பெட்டியை ஆப்டிக்கல் துளையுடன் இணைக்கலாம். பிறகு, டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சத்தமே வராமல் போகலாம். பெட்டிதான் பழுது என்று நினைத்துக் கடைக்கு அலைய நேரிடும்.

தங்க முலாம் பூசிய வயர் என்று அதிக விலை சொன்னால் மயங்க வேண்டாம். டிஜிட்டல் ஒலி எண்களாகச் செல்கிறது. அந்த எண்கள் பிசகாமல் போய்ச் சேர்ந்தால் சாதாரண வயரும் அதே ஒலியைத்தான் தரும்.

கடைக்குக் கிளம்பும் முன் டிவி, செட் இரண்டின் பின்புறத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் வேண்டும் என்பதை அந்தப் படத்தைக் காட்டியே கேட்டு வாங்கிவிடலாம்.