பழுது கைக்குள் இருந்த காலம்

2003 இல் வந்த நொக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. கதைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், பாம்பு விளையாடலாம், இருட்டில் டோர்ச் அடிக்கலாம். புதிதாக எதையும் அதில் ஏற்ற முடியாது. ஆகவே இடையில் நின்றுபோகவும் எதுவும் இருக்கவில்லை. கல்முனைக்கு அருகே உள்ள நற்பிட்டிமுனையில் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்த போன் அந்த வகைதான்.

அதற்கும் பழுது வந்தது. ஆனால், வந்த பழுது கண்ணுக்குத் தெரிந்தது. கடல் தூரமில்லாத ஊரில் உப்புக்காற்று போனுக்குள் புகுந்து செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பாகப் படியும். விசைகள் அழுந்த மறுக்கும், சிம் பிடிக்காது. கல்முனைக் கடைகளில் திருத்துபவர் சின்ன நட்சத்திரத் தலை ஆணிகளைக் கழற்றி, பழைய பல் தூரிகையைத் தின்னரில் தோய்த்துத் தேய்ப்பார். சிம்மின் மஞ்சள் தகட்டைப் பள்ளிப் பிள்ளையின் அழிறப்பரால் துடைப்பார். பற்றரி ஆடினால் கடதாசித் துண்டொன்றை நாலாக மடித்து இடுக்கில் செருகுவார். பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அடுத்த முறை அதைத் தானே செய்யத் தெரிந்துவிடும்.

செயலிகள் ஏற்றக்கூடிய போன்களும் அதே காலத்தில்தான் வந்தன. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் சட்டைப்பையில் இருந்த நொக்கியா 6600 சிம்பியன் மென்பொருளில் இயங்கியது. உள் நினைவகம் 6 எம்பி. விளையாட்டொன்று திறந்த உடனே மூடிக்கொண்டால், அல்லது போன் பாதியில் உறைந்தால், கடைக்காரர் கையாண்ட வழி ஒன்று உண்டு: பச்சை விசை, நட்சத்திர விசை, 3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி போனை இயக்குவது. உள்ளே இருந்த அனைத்தும் அழிந்து, வாங்கிய நாளில் இருந்ததுபோல் எழும்பும். அதனால் கை வைக்குமுன் ஒரு கேள்வி வரும்: "காக்கா, நம்பரெல்லாம் கொப்பில எழுதி வெச்சிரிக்கீங்களா?" பெரும்பாலும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். போனில் இருந்தது பிரதி. மூலம் கொப்பியில் இருந்தது.

இன்று சாதாரண அண்ட்ரொய்ட் போனில் 64 ஜிபி இருக்கிறது. அந்த 6 எம்பியோடு ஒப்பிட்டால் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அதுவும் நிரம்பிவிடுகிறது. ஜனாஸா அறிவித்தலும் கல்யாண வீடியோவும் ரியூஷன் பாடமும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே வந்து தாமாகவே சேமிப்பில் குந்திக்கொள்கின்றன. செயலி ஒன்று ஓடும்போது தன் பதிவேட்டில் ஓயாமல் எதையாவது எழுத வேண்டும். எழுத இடமில்லாதபோது சில செயலிகள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்கின்றன. இடத்தைக் காலியாக்கி, போனை ஒருமுறை நிறுத்தி இயக்கி, செயலியை அப்டேட் செய்தால் பல பழுதுகள் அத்தோடு போய்விடும். கல்முனைக்குப் போகவும் வேண்டாம், காசும் வேண்டாம். மாரியில் கிட்டங்கி வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது நாவிதன்வெளிப் பக்கத்தாருக்குக் கல்முனைப் பயணமே பெரும்பாடு. இன்று திருத்தம் வீதியை நம்பி இல்லை. இதைச் சிறிய நன்மை என்று நான் கருதவில்லை.

ஆனால், பழுதும் இப்போது வீதியை நம்பி வருவதில்லை. 2021 மார்ச் 23 அன்று உலகின் பல நாடுகளில் ஜிமெயிலும் வங்கிச் செயலிகளும் திறந்த உடனே மூடிக்கொண்டன. போன்களில் கோளாறில்லை, பாவித்தவர்களும் தவறு செய்யவில்லை. இணையப் பக்கங்களைச் செயலிகளுக்குள் காட்டும் 'வெப்வியூ' என்ற கூகுளின் ஒரு பாகத்தில் ஏற்பட்ட கோளாறு, அதைப் பாவித்த செயலிகளையெல்லாம் சாய்த்துவிட்டது. அந்தப் பாகத்தின் அப்டேட்டை நீக்கியவர்கள் உடனே தப்பினார்கள். மற்றவர்கள் கூகுள் திருத்திய பதிப்பை அனுப்பும் வரை காத்திருந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 2018 பெப்ரவரியில், தெலுங்கு எழுத்துக் கூட்டு ஒன்று செய்தியாக வந்தாலே ஐபோனில் செயலிகள் நின்றுபோயின. களிம்பு பிடித்த நொக்கியாவுக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்லை. ஒரு வீட்டின் போன் கெட்டால் அடுத்த வீட்டின் போன் நன்றாக இருந்தது.

செயலி நிற்பதால் என்ன நின்றுபோகிறது என்பதும் மாறிவிட்டது. அன்று நின்றது விளையாட்டு. கட்டாரில் இருக்கும் மகனோடு கதைக்க, கட்டண அழைப்புக் கடையான கொமினிகேஷனுக்குப் போய், ஓடும் நிமிடங்களைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். இன்று ஐமோ போன்ற செயலிகளில் முகம் பார்க்கிறார்கள். சவூதி அரேபியா இணைய அழைப்புக்கான தடையை 2017 செப்டம்பரில் நீக்கியபின் அங்குள்ளவர்களோடு அது இன்னும் இலகுவானது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறையும் இதே திரைக்குள் வந்தது. ஆகவே செயலி மூடிக்கொண்டால் பதறுவது வீடு முழுவதும்.

அப்போது அழைக்கப்படுவது கடைக்காரர் அல்ல, வீட்டுப் பிள்ளை. செட்டிங்ஸில் செயலியின் பெயரைத் தொட்டால் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' என்று இரண்டு வருகின்றன. முதலாவது தற்காலிகக் குப்பையைத்தான் தள்ளும். இரண்டாவது செயலிக்குள் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். "மூத்தம்மா, அத அமத்த வேணாம், பக்கத்தில உள்ளத அமத்துங்க" என்று பேத்தி சொல்லும் அந்த ஒரு கணத்தில்தான் ஒரு குடும்பத்தின் பல வருட உரையாடல்கள் தப்புகின்றன. பேத்தி வகுப்புக்குப் போயிருக்கும் நேரத்தில் அதைச் சொல்ல ஆளில்லை.

நல்ல நிலையில் இருந்தும் கைவிடப்பட்ட போன்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நொக்கியா எஸ்40 போன்களில் வாட்ஸ்அப் 2018 டிசம்பர் 31 உடன் முடிந்தது. அண்ட்ரொய்ட் 2.3.7 மற்றும் அதற்கு முந்தியவற்றில் 2020 பெப்ரவரியிலும், 4.0.4 வரையானவற்றில் 2021 நவம்பரிலும் முடிந்தது. திரை உடையவில்லை, பற்றரி வீங்கவில்லை. ஆனாலும் எந்தத் தூரிகையாலும் அவற்றை மீட்க முடியாது. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் புதிய போன் கைக்கெட்டாத விலைக்குப் போனபோது, பழையதை வைத்திருந்தவர்களுக்கு அது நேரடியாக வலித்தது.

கடைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் வேலை பெரும்பாலும் டிஸ்பிளேயும் சார்ஜிங் துவாரமும்தான். செயலி நிற்கிறது என்று கொண்டுபோனால், வேறொன்றும் சரிவராதபோது, 'ரீசெட் போடுவோம்' என்கிறார்கள். அன்றைய மூன்று விசைகளும் இதைத்தான் செய்தன. அன்று கொப்பி இருந்தது, இன்று பலருக்குக் கொப்பி இல்லை என்பதே வேறுபாடு. வாட்ஸ்அப் தன் பிரதியைக் கூகுள் கணக்கில் வைக்கிறது. 2024 முதல் அந்தப் பிரதியும் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். அது நிரம்பினால் புதிய பிரதி எடுக்கப்படுவதில்லை. அதைப் பலர் கவனிப்பதுமில்லை.

வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில், 'சட்ஸ்' பகுதியில், கடைசிப் பிரதி எடுத்த திகதி இருக்கிறது. உம்மாவின் போனிலும் வாப்பாவின் போனிலும் இன்றைக்கே அதைப் பார்த்துவிடுங்கள். கடை வைத்திருக்கும் தம்பிமாரே, ரீசெட் போடுமுன் நீங்களும் அந்தத் திகதியை வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டுக் கை வையுங்கள்.