கணக்குத் தவறினால் யாருக்கு இருட்டு?

தம்பி,

கல்யாண வீட்டில் உலைக்கு அரிசி அளந்து போடுகிறவரைப் பார்த்திருப்பாய். எத்தனை இலை விழும் என்பதை அவர் முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். குறைந்தால் சம்பந்தி முகம் சுளிப்பார். மிஞ்சினால் வீட்டுக்காரர் வயிறெரிவார். ஆனாலும் அவர் பாக்கியசாலி! மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் பழைய சோறு. மிச்சப்பட்ட மின்சாரத்தில் எதை ஊற்றி வைப்பது? பாட்டரி இருக்கிறதே என்பாய். இருக்கிறது, ஊர்ப் பந்தியின் மிச்சத்தை அடைத்துவைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

அந்தச் சமையற்காரர் வேலையைச் செய்யச் சென்னையிலே ஓர் அலுவலகம் இருக்கிறது, மாநில மின்சுமைப் பகிர்வு மையம் என்று. ஒரு நாளைக் கால் மணி கால் மணியாகக் கூறுபோட்டு, 96 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் நாடு எவ்வளவு மின்விசை கேட்கும் என்று முதல் நாளே எழுதி வைக்கிறார்கள். எழுதியது ஒன்றும் நடந்தது ஒன்றுமானால், நொடிக்கு 50 என்று துடிக்கவேண்டிய மின்னோட்டத்தின் நாடி தடுமாறும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையிலே அது நிற்க வேண்டும். சற்று விலகினால் அபராதம். மிக விலகினால் ஊர் ஊராக இணைப்பை அறுக்க வேண்டும். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வடநாட்டிலே அளவுமீறி இழுத்த பளு தாங்காமல் மின்தொகுப்பே சரிந்து, ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பரப்பு இருண்டது. தெற்குத் தொகுப்பு அன்று தனித்து நின்றதால் தப்பினோம். 2013 டிசம்பர் 31 முதல், ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாக நாமும் அந்தப் பந்தியிலே உட்கார்ந்துவிட்டோம்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வா. லோயர் கேம்ப்பில் நின்று மலையை அண்ணாந்து பார்! 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் நீர், உழவுக்கென்றே மலையைக் குடைந்து கொண்டுவரப்பட்ட நீர், ராட்சதக் குழாய்களில் இறங்குகிறதே, அதிலிருந்து மின்விசை எடுக்கத் தொடங்கியது 1958-ல். இன்று அந்த நிலையத்தின் திறன் 161 மெகாவாட். நூறு கனஅடி நீர் இறங்கினால் சுமார் 9 மெகாவாட் கிடைக்கும் என்பது அங்குள்ளவர்களின் கைக்கணக்கு.

ஆனால் அந்த நீர் யாருடைய சொற்படி இறங்குகிறது? மின்வாரியத்தின் சொற்படி அல்ல. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்லுக்கு ஜூனில் திறக்கலாமா, அணையில் எத்தனை அடி இருக்கிறது என்ற கணக்குத்தான் அதை இறக்குகிறது. நெல் முதலாளி, மின்சாரம் கூட வந்த கூலியாள். அது நியாயமும்கூட! ஆனால் கோடை வந்து, அணை வற்றி, குடிநீருக்கு மட்டும் 100 கனஅடி என்று ஆகிவிட்டால், இயந்திரங்கள் வாய்மூடி நிற்கின்றன. காற்றோ, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை வெறிகொண்டு சுழற்றும் காற்றோ, மே கடைசியில் வீசத் தொடங்கி அக்டோபரில் ஓய்ந்துவிடும். நீரும் காற்றும் கைகோத்து வருவது ஆடியில். வெயில் தலையைப் பிளந்து, விசிறியும் குளிர்சாதனமும் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடுவது சித்திரையில்!

அந்தச் சித்திரையின் பசி எவ்வளவு என்று பார். 2023 ஏப்ரல் 20-ஆம் நாள் தமிழகத்தின் உச்சத் தேவை 19,387 மெகாவாட். 2024 மே 2-ஆம் நாள் பிற்பகலில் 20,830. ஓராண்டில் ஏறியது 1,443 மெகாவாட். நம் லோயர் கேம்ப் போல ஒன்பது நிலையம்! ஒரு குளிர்சாதனப் பெட்டி இருபது விசிறிகளின் தீனியைத் தின்கிறது. பிற்பகல் உச்சத்துக்காவது சூரிய ஒளி தோள்கொடுக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தத் தோள் சட்டென்று விலகிவிடுமே, அதுதான் இன்று கணக்கர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் நேரம்.

காற்றை மதிப்பிடப் பள்ளிக்கரணையில் நிறுவனம் இருக்கிறது. வெயிலை மதிப்பிட வானிலை நிலையம் இருக்கிறது. ஆனால் சின்னமனூர் வாழைத்தோட்டத்து மோட்டார் எப்போது ஓடும், எவ்வளவு இழுக்கும்? தமிழகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வேளாண் இணைப்புகள். பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை. 1990 முதல் எல்லா உழவர்க்கும் கட்டணமில்லா மின்சாரம். போராடிப் பெற்ற உரிமை அது. ஆகவே மீட்டர் என்றால் உழவன் மிரள்கிறான்: இன்று அளப்பான், நாளை பில் நீட்டுவான் என்று. அவன் அச்சத்தைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்துக் கம்பத்தில் மீட்டர் வேண்டாமய்யா, டிரான்ஸ்பார்மரிலே வை! பில் யார் பேருக்கும் போகாது. பளு மட்டும் தெரியும். இத்தனை எளிய காரியத்தை ஊரெங்கும் முடிக்காமல், மாதிரிக்குச் சில மோட்டார்களைப் பார்த்து மீதியை ஊகிப்பது, நாலு இலையைப் பார்த்து நானூறு பேருக்கு உலை வைப்பதாகாதா?

ஊகம் தவறினால் என்ன, ஒரு மணி நேரம் இருட்டு, அவ்வளவுதானே என்பார் உண்டு. 2008 தொடங்கி 2014 வரை அந்த இருட்டிலே இருந்தவர்கள் நாம். தேவை வளரும் என்று தெரிந்தும் நிலையங்கள் நேரத்தில் எழவில்லை. மேட்டூரிலும் வடசென்னையிலும் 600 மெகாவாட் இயந்திரங்கள் தாமதித்துத் தாமதித்து ஓடத் தொடங்கின. 2012 அக்டோபரில் காற்றும் ஓய்ந்தது. அப்போது சென்னைக்கு வெட்டு 2 மணி நேரம்; வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல்! கணக்குத் தவறு எல்லோருக்கும் பொது. இருட்டு மட்டும் பொது அல்ல.

விசைத்தறித் தொழிலாளிக்கு நாட்கூலி இல்லை தம்பி, நெய்த அளவுக்குத்தான் கூலி. ஜக்கம்பட்டியிலும் சுப்புலாபுரத்திலும் தறி நின்றால் அடுப்பும் நிற்கும். அவனிடம் 96 துண்டுக் கணக்கை யாரும் காட்டியதில்லை. முதல் நாளே எழுதிவைக்கிறீர்களே, அந்தக் கணக்கு துணைமின் நிலையத்து வாசலிலே, தமிழிலே, அவன் படிக்கும்படி ஏன் ஒட்டப்படவில்லை? வெட்டித்தான் தீரவேண்டும் என்ற நிலை மீண்டும் வருமானால், அண்ணா சாலைக்கு எத்தனை கால்மணி, ஆண்டிபட்டிக்கு எத்தனை கால்மணி என்று அதே தாளில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டட்டும்.