இஞ்சி கப்பலேறிய கதை

சுள்ளிக்கல் பக்கத்தில் ஒரு சாயாக்கடை. பலகையில் மலையாள எழுத்தில் ‘ஜிஞ்சர் டீ’. கொச்சியில் இப்படி ஒரு பலகையைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம் போனால் மட்டாஞ்சேரி யூதர் தெரு. 1568-இல் எழுந்த பரதேசி சினகாக் இருக்கும் தெரு. உலகச் சந்தையில் ‘கொச்சின் ஜிஞ்சர்’ என்று சுக்கில் தனி ரகமே உண்டு; அது மூட்டை மூட்டையாய்க் கப்பல் ஏறியது இந்தப் பகுதியின் கிடங்குகளில் இருந்துதான்.

யூதர்களின் எபிரேயத்தில் இஞ்சிக்கு ‘ஸங்வில்’. குர்ஆனின் 76-ஆவது அத்தியாயத்தில் சொர்க்கத்துப் பானத்தில் கலப்பது ‘ஸஞ்சபீல்’. கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, ரஷ்ய மொழியில் ‘இம்பிர்’, பின்லாந்தில் ‘இன்கிவாரி’. இவை எல்லாம் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. சரக்கோடு சொல்லும் கைமாறியிருக்கிறது.

இந்தச் சொற்களின் பழைய வடிவம் பாலி மொழியில் ‘சிங்கிவேர’. வால் பகுதி அப்பட்டமாக நம் ‘வேர்’. தலைப் பகுதி இஞ்சி. முன்னால் இருந்த சகரம் நம் பக்கம் உதிர்ந்துவிட்டது, சிறகு இறகானது போல. வடமொழியில் ‘ச்ருங்கவேர’ என்றாக்கி, கொம்பு போன்ற உடல் என்று விளக்கம் சொல்வார்கள். பிற்பாடு தைத்த சட்டை அது. தாய்லாந்தின் ‘கிங்’, சீனத்தின் ‘ஜியாங்’ இரண்டையும் காட்டி, மூலம் இன்னும் கிழக்கே என்பாரும் உண்டு. இருக்கட்டும், மேற்கே போன சொல்லில் வேர் ஒட்டியிருக்கிறதே!

ஒரு எச்சரிக்கை. ஜெர்மானியர் ‘இங்வர்’ என்பதைக் கேட்டு, அப்படியே ‘இஞ்சிவேர்’ என்று துள்ள வேண்டாம். அதன் முதலெழுத்து ஐரோப்பாவில் தொலைந்தது. நம்முடையது இங்கே தொலைந்தது. இரண்டும் வேறு விபத்து. இன்னொரு வேடிக்கை, இஞ்சி காய்ந்தால் சுக்கு. அந்தச் சொல் மட்டும் வடமொழி ‘சுஷ்க’த்தின் வழி வந்தது என்கிறார்கள்.

என் கவலை வேறு. கடையில் ‘ஜிஞ்சர் கார்லிக் பேஸ்ட்’ பாக்கெட், பிஸ்கட்டில் ‘ஜிஞ்சர்’, சாயாவிலும் ‘ஜிஞ்சர்’. பூண்டும் கூடவே போய்விட்டது. இஞ்சியைத் தோல் சீவித் தட்டிப்போடும் வீடுகளில்கூடப் பிள்ளைகள் இப்படித்தான் கேட்கிறார்கள். மட்டாஞ்சேரியில் கிடங்குகள் கலைப்பொருள் கடைகளாக மாறுவதைக் கண்ணால் பார்க்கிறோம். சொல் மாறுவது காதில் விழுவதில்லை.

அடுத்த முறை கடையில் ‘இஞ்சி டீ’ என்றே கேளுங்கள். கொச்சியில் என்றால் ‘இஞ்சிச் சாயா’.