எங்கள் காலத்துக்குப் பின் யார்?

மனச்சிதைவு நோயுற்ற மகனையோ மகளையோ வீட்டில் வைத்துப் பேணும் பெற்றோர், வாய்விட்டுச் சொல்லாத கேள்வி ஒன்றுண்டு: "எங்கள் காலத்துக்குப் பின் இவனுக்கு யார்?" தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஓர் அறைக்குள் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இக்கேள்வி இன்னும் கனமானது. உற்றாரோ ஊரில் இருக்கின்றனர். இங்கே மறைக்க இடமுமில்லை, பகிர ஆளுமில்லை.

இந்நோய் பேயின் சேட்டையன்று, வளர்ப்பின் குறையுமன்று. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது உண்டென்கிறது உலக சுகாதார நிறுவனம். இல்லாத குரல் காதில் ஒலிப்பதும், காரணமற்ற ஐயமும், குளியலையும் வேலையையும் துறந்து மூலையில் ஒடுங்குவதும் இதன் குறிகள். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம், அதற்காக வைத்தியத்தை நிறுத்தலாகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் மூண்ட தீயில் 28 பேர் மாண்டதை நாம் மறக்கலாகுமா? சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பியோட இயலவில்லை.

1952-இல் பாரிஸ் வைத்தியர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்தியபின், நோயாளர் பலர் வீட்டிலேயே வாழ வழி பிறந்தது. ஆனால், "குணமாகிவிட்டதே" என்று மருந்தை நிறுத்தினால் நோய் மீளும். மாத்திரையை மறுப்போருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு, வைத்தியரைக் கேளுங்கள்.

மருந்தோடு வீட்டாரின் நாவும் அடங்க வேண்டும். ஓயாத குறைகூறலும் பகைமையும் நிறைந்த வீட்டுக்குத் திரும்பியவரிடமே நோய் அதிகமாக மீண்டதென லண்டன் ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் பிரவுன் முதலியோர் கண்டனர். "சோம்பேறி" என்று வையாமல், தண்ணீர் பிடித்தல், காய் நறுக்குதல் போன்ற சிறு வேலையைக் கொடுத்து, செய்ததைப் பாராட்டுதல் நன்று. பேணும் பாரம் முழுவதையும் தாயின் தலையில் சுமத்தாது முறைவைத்துப் பகிர வேண்டும்.

தாராவிக்கு அண்மையில் உள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு உண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 2004-க்கு முன் சேர்ந்து, பழைய ஓய்வூதிய விதிகளுக்கு உட்பட்ட ரயில்வே ஊழியரின் பிள்ளை, மனக்கோளாற்றால் பிழைப்புத் தேட இயலாதவராயின், பெற்றோருக்குப் பின் ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழியுண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். வெட்கத்தால் குடும்ப விவரப் படிவத்தில் அப்பிள்ளையின் பெயரையே எழுதாது விடுவோர் உளர். அந்த ஒரு வரி விடுபட்டால், பிற்காலத்தில் அப்பிள்ளை அலுவலகப் படிகளில் அலைய நேரும். ஆகையால் பெயரை இன்றே எழுதுங்கள். பாதுகாவலராக ஒருவரைக் குறிப்பிடுங்கள். உண்ணும் மருந்துகளின் விவரத்தை உடன்பிறந்தாரிடம் கொடுத்து வையுங்கள்.

அன்பர்களே, அண்டை வீட்டில் இத்தகையவர் இருப்பின், வாரம் ஒரு மாலைப்பொழுது அவரோடு அமர்ந்திருங்கள். அந்த நேரத்திலாவது அத்தாய் கடைவீதிக்குப் போய்வரட்டும்.