ஒரகடத்து டீப்பாய்: காரைக்குடித் தேக்கா, கப்பலில் வந்த பைனா?

கூடத்துச் சாமான்கள் – 7

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். ரெனோ-நிஸான் கார்கள் 2010-லும், டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் 2012-லும், ராயல் என்ஃபீல்டு பைக்குகள் 2013-லும் இந்த வட்டாரத்து ஆலைகளிலிருந்து வெளியே வரத் தொடங்கின. வெளியே போகும் வண்டிகள் எல்லோர் கண்ணிலும் படும். உள்ளே வருவதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கொரியா, ஜப்பான், ஜெர்மனி, சீனா என்று பல தேசத்து இயந்திரங்களும் உதிரிபாகங்களும் மரப்பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. இயந்திரம் ஆலைக்குள் போய்விடும். பெட்டி பழைய மரக்கடைக்குப் போகும். அங்கிருந்து தச்சுப் பட்டறைக்குப் போய், நாலு கால் முளைத்து, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் டீப்பாயாக வந்து உட்கார்ந்துவிடும்.

சென்ற வாரம் சோபா. இந்த வாரம் அதன் முன்னால் கிடக்கும் குட்டை மேசை.

வீட்டில் இதைவிட அதிகமாக வேலை வாங்கப்படும் சாமான் வேறு இருக்க முடியாது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜித் தட்டு வைக்கலாம் என்று வாங்கியிருப்பார்கள். மறுநாளே பேப்பர், ரிமோட், மாத்திரை டப்பா, பிள்ளையின் ஹோம்வொர்க் நோட்டு என்று குடியேறிவிடும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் டிவி முன்னால் அதன்மேல்தான் தட்டை வைத்துச் சாப்பிடுவார். நவராத்திரி வந்தால் கொலுவின் முதல் படி அதுதான். இத்தனைக்கும் பயன்படுகிற ஒன்றை வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி மட்டும், 'பழைய மாடலா, புது மாடலா?' என்பதாகவே இருக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. இதன் எதிரே யார், எப்படி உட்காரப் போகிறார்கள்? இந்த வீட்டில் எத்தனை காலம் இருக்கப் போகிறார்கள்?

முதல் கேள்விக்கு விடை உயரம். சோபாவில் உட்காரும் மட்டம் பொதுவாகத் தரையிலிருந்து 16 முதல் 18 அங்குலம். டீப்பாய் அதே மட்டத்திலோ ஓரிரு அங்குலம் கீழேயோ இருந்தால் குனியாமல் டம்ளரை எடுக்கலாம். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 14 முதல் 18 அங்குலம் இடைவெளி விட்டால் கால் முட்டாது, கையும் எட்டும். நீளம் சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

தரையில் உட்காருகிற வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. சம்மணமிட்டு உட்காருகிறவருக்கு ஓரடி உயரமே போதும். கடைகளிலும் நகரத்துப் பண்டகசாலைகளிலும் கணக்குப்பிள்ளைகள் முன்னால் வைத்து எழுதிய சாய்வுப் பெட்டி அந்த மட்டத்துக்குத்தான் செய்யப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு சென்னைப் பக்கம் குடிவந்த கொரியர்களின் ஊரிலும் இதே வழக்கம் உண்டு. தரைக்கு அடியில் சூடேற்றும் வீடுகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள். தரையில் அமர்ந்து சாப்பிட அவர்கள் பயன்படுத்திய ஓரடி உயரச் சாப்பாட்டு மேசைக்கு சோபான் என்று பெயர். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுவதும் பெரியவர்கள் சோபாவில் உட்காருவதும் ஒரே கூடத்தில் நடக்குமானால் 14, 15 அங்குலம் இரண்டு தரப்புக்கும் ஒத்துவரும்.

ஒரகடத்தைச் சுற்றி எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தாலே பெரிது. பத்தடிப் பக்கத்தில் சோபா மூன்றடி, இடைவெளி ஒன்றரை, டீப்பாய் இரண்டு, டிவி ஸ்டாண்டு ஒன்றரை. ஆக எட்டடி போயிற்று. மிச்சம் இரண்டடிதான் நடைபாதை. மூன்றடி அகல டீப்பாய் வாங்கினால் அதுவும் ஓரடியாகச் சுருங்கிவிடும்.

இனி பைன் பெட்டிக்கு வருவோம். மரக்கடையில் அடுக்கியிருக்கும் பலகைகளைப் புரட்டினால் சிலவற்றின் ஓரத்தில் சூடு போட்டதுபோல் ஒரு முத்திரை தெரியும். இடப்பக்கம் ஒரு கோதுமைக் கதிர். அதையடுத்து இரண்டெழுத்தில் நாட்டின் குறி: கே.ஆர். என்றால் கொரியா, ஜே.பி. ஜப்பான், டி.இ. ஜெர்மனி, சி.என். சீனா. பிறகு ஓர் எண். அதோடு ஹெச்.டி. அல்லது எம்.பி. என்ற எழுத்துகள். இந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு வண்டின் கதை உண்டு. 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மரங்களை ஒரு வண்டு துளைத்துக்கொண்டிருப்பது தெரியவந்தது. சீனாவிலிருந்து வந்த பேக்கிங் கட்டைகளோடு கப்பலேறி வந்த ஆசிய நீளக்கொம்பு வண்டு அது. இப்படிப் பூச்சிகள் நாடு தாண்டுவதைத் தடுக்க 2002-ல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. பேக்கிங் கட்டையை அதன் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்படி குறைந்தது 30 நிமிடம் வைத்திருந்தால் ஹெச்.டி. முத்திரை. மீத்தைல் புரோமைடு வாயுவைப் புகைபோட்டிருந்தால் எம்.பி.

கூடத்துக்குள் வரப்போகும் பலகையாக இருந்தால் ஹெச்.டி. முத்திரையைத் தேடி எடுப்பது நல்லது. எண்ணெய்க் கறையோ ரசாயன நெடியோ உள்ள கட்டையை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், தொட வேண்டாம். சூடேற்றியதில் உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும். புதிதாக வருகிற கரையானை அது தடுக்காது. பைன் மென்மையான மரம். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். பிடுங்கிய ஆணித் துளைகளைச் சுற்றி இரும்புக் கறை கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு வட்டங்களையே அழகென்று விட்டுவைக்கிறவர்கள் உண்டு. அவர்களும் உள்ளே முறிந்து நிற்கும் ஆணியைத் தேடி எடுத்த பிறகுதான் இழைப்பு மெஷினில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேடு போய்விடும், தச்சரின் வாயும் சும்மா இருக்காது.

பழைய மரத்தின் கதை வேறு. 1885 போருக்குப் பிறகு பர்மா முழுவதும் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. அங்கே வட்டித் தொழில் செய்த நகரத்தார் வழியாக பர்மாத் தேக்கு செட்டிநாட்டு வீடுகளின் தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் வந்து நின்றது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வாழ்வு குலைந்தது. பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் போன வீடுகள் பிற்பாடு பிரிக்கப்பட்டன. அந்தச் சாமான்கள் வந்து சேரும் இடம்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு.

அங்கே 'பழைய டீப்பாய்' என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை பிறக்கும்போது டீப்பாய் இல்லை. சோபாவே பின்னால் வந்த வழக்கம். அதன் முன்னால் போடும் மேசைக்கு அந்த வீடுகளில் பெரிதாக வேலை இருக்கவில்லை. கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை, கணக்குப்பிள்ளை பெட்டி, கால் வெட்டிய சாப்பாட்டு மேசை என்று ஏதோ ஒன்று இப்போது அந்த வேஷம் கட்டியிருக்கிறது. அதில் தவறில்லை. நூறு வருஷத்து டீப்பாய் என்று விலை சொன்னால் மட்டும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

கவிழ்த்தால் நாலு விஷயம் தெரியும். கையால் இழைத்த பலகையின் அடிப்பக்கம் விரலைத் தடவினால் லேசாக அலையலையாகத் தட்டுப்படும். வட்ட ரம்பத்தில் அறுத்ததில் வில் போன்ற கோடுகள் இருக்கும். கூட்டல் குறித் தலை கொண்ட ஸ்குரூ 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அப்படி ஒரு ஸ்குரூ இருந்தால் அந்த இடமாவது அதற்குப் பிந்தைய வேலை. அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒரே சீராகப் பாலிஷ் ஏறியிருந்தால் புது மரத்துக்கு வயசேற்றியிருக்கலாம். நாலாவது சோதனைக்கு இஞ்ச் டேப் வேண்டும். மரம் காய்ந்து சுருங்கும்போது இழைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. ஆகவே உண்மையிலேயே பழைய வட்ட மேசையின் குறுக்களவு ஒரு பக்கம் சற்றுக் குறைந்திருக்கும். அச்சு அசலான வட்டமாக இருந்தால் கடைக்காரரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்.

விரிசலைக் கண்டு மிரளத் தேவையில்லை. 1930களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் பணியாற்றியவர் ஜார்ஜ் நகஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர். ஆசிரமத்தில் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயரிட்டார்கள். பிற்பாடு பென்சில்வேனியாவில் தச்சுப் பட்டறை வைத்த அவர், மரத்தின் வெளியோர வளைவையும் வெடிப்பையும் அப்படியே விட்டுவிட்டு, வெடிப்பு மேலும் பிளக்காமல் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் கட்டை பதித்துக் குட்டை மேசைகள் செய்தார். அவருடைய கையெழுத்தாகவே ஆகிவிட்டது அந்தக் கட்டை. இந்த வேலை தெரிந்த தச்சர் கிடைத்தால் வெடித்த ஊஞ்சல் பலகையும் மேசையாகும். உளுத்து மாவு கொட்டுகிற பலகைக்கு மட்டும் வைத்தியம் பார்க்காமல் நகர்ந்துவிடலாம்.

வேலை முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்பும் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் இப்படி ஒன்றை ஞாபகார்த்தமாகக் கொண்டுபோக ஆசைப்படுவது இயல்பு. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு நிறைந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 முதல் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருப்பதால், ஈட்டி மரச் சாமானை வெளிநாடு கொண்டுபோக விரும்புகிறவர் விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். 100 ஆண்டு நிறையாதவை நழுவிப் போன கதையும் உண்டு. 1950களில் சண்டிகருக்காக பியர் ஜான்னரே என்பவர் வடிவமைத்த தேக்கு நாற்காலிகளையும் மேசைகளையும் அரசு அலுவலகங்கள் கழித்துப் போட்டன. உடைசல் விலைக்குப் போனவை ஐரோப்பிய, அமெரிக்க ஏலக்கூடங்களில் பல்லாயிரம் டாலருக்கு விற்றன. வயது போதாததால் அந்தச் சட்டம் கைகொடுக்கவில்லை. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் தனியாக உத்தரவு போட வேண்டியிருந்தது.

புது மாடல் என்றால் பலருக்கும் நினைவு வருவது கண்ணாடி. ஒரகடத்துக்காரர்களுக்கு அது உள்ளூர்ச் சரக்கு. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி கொடுத்த, 1665-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனமான செயின்ட்-கோபைன், ஸ்ரீபெரும்புதூரில் 2000-ம் ஆண்டு முதல் கண்ணாடி தயாரிக்கிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுப் பரப்பும் முறை அது. இரண்டு பக்கமும் மட்டமாக வரும். அதை 600 டிகிரிக்கு மேல் மறுபடி சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்தால் டஃப்பன்டு கண்ணாடி. உடைந்தாலும் கத்தி கத்தியாகச் சிதறாமல் சிறு துண்டுகளாக உதிரும். குழந்தை இருக்கும் வீட்டில் இதற்குக் குறைந்த கண்ணாடி வேண்டாம். டஃப்பன் செய்த பிறகு வெட்டவோ துளைபோடவோ முடியாது என்பதால் அளவை முன்பே சரியாகச் சொல்லிவிட வேண்டும். 12 மில்லிமீட்டர் கனத்தில் நாலுக்கு இரண்டடிக் கண்ணாடி ஏறத்தாழ 22 கிலோ. அந்த எடையைத் தாங்கும் காலும் வேண்டும், மாடிக்குத் தூக்க இன்னோர் ஆளும் வேண்டும்.

கண்ணாடி மேசைகளில் உலகப் புகழ் பெற்றது சிற்பி இசாமு நொகுச்சியுடையது. ஒரே மாதிரி வளைந்த இரண்டு மரக்கட்டைகளில் ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் ஒரே ஓர் ஊசியில் கோத்து, மேலே கனமான கண்ணாடியைச் சும்மா வைத்தார். ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1947-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல டீப்பாய்கள் அதன் நகல்கள். கண்ணாடியின் கனம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாலே பல நகல்கள் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது கேள்வி: எத்தனை காலம்? பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர், கம்பெனி மாறினால் வீடும் மாறுகிறவர், கழற்றி மாட்டும் கால் உள்ளதை வாங்குவதே வசதி. ஐகியா நிறுவனம் இந்த யோசனைக்கு வந்ததும் ஒரு குட்டை மேசையால்தான். 1950களில் ஐகியாவின் கில்லிஸ் லுண்ட்கிரென், லோவெட் என்ற மூன்று கால் மேசை காருக்குள் நுழையாததால் கால்களைக் கழற்றினார். கழற்றி அடுக்கி விற்கும் அந்த நிறுவனத்தின் வியாபாரம் அதிலிருந்து வளர்ந்தது. அந்த வகையில் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு மேசைகள் எடை குறைவு, விலையும் குறைவு. தினமும் மாப் போடும் வீட்டில் அவற்றின் காலடி தண்ணீர் குடித்து ஊதிப்போகும். காலடியில் ரப்பர் புஷ் போட்டால் கொஞ்சம் தாங்கும். போல்ட் போட்டுக் கழற்றும் இரும்புக் கால் இன்னும் உறுதி. வாகன உதிரிபாகத் தொழில் நிறைந்த இந்த வட்டாரத்தில் வெல்டிங்குக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பொடியை மின்னேற்றித் தெளித்துச் சுமார் 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேகவைக்கும் பூச்சு, பிரஷ்ஷில் அடித்த எனாமலைவிட நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே பழசையும் புதுசையும் எதிரெதிரே நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. காரைக்குடி ஜன்னல் கதவு, ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடி, ஒரகடத்தில் வெல்டிங் செய்த கால் மூன்றையும் சேர்த்து ஒரு டீப்பாய் செய்யலாம். வீடு மாறும்போது மூன்றாகக் கழற்றி ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிவிடலாம். பட்டறைக்கு அளவு சொல்லும் முன்பு பழைய பேப்பரை அந்த அளவுக்கு வெட்டிக் கூடத்தில் இரண்டு நாள் விரித்துப் பார்ப்பது நல்லது. பேப்பரை மிதிக்காமல் சமையலறைக்குப் போய்வர முடிந்தால் ஆர்டர் கொடுக்கலாம்.

(அடுத்த வாரம்: மேசையாகாமல் தப்பிய ஊஞ்சல் பலகைகள், கான்கிரீட் கூரையில் கொக்கி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை)