மென்பொருள் வணிகத்தின் விலை

புங்குடுதீவு முதலாய தீவக ஊர்களின் வணிகர் பலர் தென்னிலங்கையிற் கடை நடத்தியோராவர். கடையொன்று கைமாறுங்கால், சரக்கை எண்ணி விலையிடுதல் எளிது. வாடிக்கையாளரிடத்து அது பெற்ற நன்மதிப்பை விலையிடுதலே அரிது. மென்பொருள் வணிகத்திலோ எண்ணுதற்குச் சரக்கே இல்லை. ஆண்டுதோறும் சந்தாவைப் புதுப்பிக்கும் வாடிக்கையாளரே அதன் செல்வம்.

கனடாவில் 1995இல் தோன்றிய கொன்ஸ்ரலேசன் சொவ்ற்வெயர் நிறுவனம் இத்தகைய சிறு நிறுவனங்களை நூற்றுக்கணக்கில் வாங்கியுள்ளது. வாங்குவோர் முதற்கண் ஆராயவேண்டுவது வாடிக்கையாளர் நிலைத்திருத்தலையே. நூறு பேருள் ஆண்டுதோறும் எஞ்சியோரில் 5 வீதத்தினர் நீங்கின், ஐந்தாண்டின் பின் 77 பேர் இருப்பர். 30 வீதத்தினர் நீங்கின், 17 பேரே இருப்பர். இன்றைய வருவாய் ஒத்திருப்பினும் இவ்விரு வணிகங்களின் விலை ஒன்றாகாது.

செய்நிரலின் நுட்பத்தை உரிமையாளர் ஒருவரே அறிவாராயின், அவர் நீங்கும் நாளில் வணிகமும் தளரும். ஆகலின், அவரின்றியும் நடைபெறும் வணிகமே நல்விலை பெறும்.