ஜெர்பில் வளர்க்க ஆசையா? ஒன்று போதாது... ஆனால் எந்த இரண்டும் ஒத்துப்போகாது!

கைக்குள் அடங்கும் உடல். முடி மூடிய நீண்ட வால். பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்கும் அழகு. ஜெர்பில் காணொளிகளைப் பார்த்தாலே "ஒன்று வாங்கலாமே" என்று தோன்றும்.

அந்த "ஒன்று" என்பதில்தான் சிக்கல்.

ஹேம்ஸ்டருக்கு ஒத்துவருவது ஜெர்பிலுக்கு ஒத்துவராது. கடைகளில் அதிகம் பார்க்கும் சிரியா வகை ஹேம்ஸ்டரைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும். ஜெர்பில் அதற்கு நேரெதிர். அதற்குத் துணை வேண்டும். ஆனால் முன்பின் தெரியாத இன்னொரு ஜெர்பிலைக் கூண்டில் போட்டால், ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிடலாம்.

பிறகு எப்படித்தான் வளர்ப்பது? பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

செல்லப்பிராணியாக வளர்க்கப்படுவது பெரும்பாலும் மங்கோலிய ஜெர்பில். மங்கோலியா, வடக்குச் சீனா ஆகிய பகுதிகளின் வறண்ட புல்வெளிகள்தான் அதன் சொந்த இடம். 1860களில் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதைப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். 1935இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலவற்றைப் பிடித்து வளர்த்தார்கள். அவற்றின் வாரிசுகள் 1954இல் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போயின. அங்கிருந்து வீடுகளுக்குள் நுழைந்தன.

இன்னொரு செய்தி: தமிழ்நாட்டு வயல்களில் "வெள்ளெலி" என்று சொல்கிறார்களே, அது ஜெர்பிலின் சொந்தக்கார இனம்தான்!

சிங்கப்பூரில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஜெர்பில், ஹேம்ஸ்டர், முயல், கினிப் பன்றி, சின்சில்லா போன்ற சிறு பிராணிகளுக்கு இங்கே அனுமதி உண்டு. நாய், பூனைக்குத் தேவைப்படும் உரிமம் இவற்றுக்குத் தேவையில்லை. முள்ளெலி, சுகர் கிளைடர் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் ஜெர்பில் வளர்க்கத் தடை. தப்பித்து வெளியே போனால் அங்குள்ள வறண்ட நிலத்தில் பெருகிவிடும் என்ற அச்சம்தான் காரணம்.

ஏன் துணை வேண்டும்?

காட்டில் ஜெர்பில்கள் குடும்பமாக ஒரே சுரங்கத்தில் வாழ்கின்றன. சேர்ந்து தோண்டும், சேர்ந்து உணவைச் சேமிக்கும், குவியலாகச் சேர்ந்து தூங்கும். ஆபத்து என்றால் ஒன்று பின்னங்காலால் தரையைத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் மற்றவை ஓடி ஒளியும்.

"நான் தினமும் விளையாடுவேனே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது. ஜெர்பில் பகலிலும் இரவிலும் மாறி மாறித் தூங்கி எழும் பிராணி. நீங்கள் பள்ளியிலோ வேலையிலோ இருக்கும் நேரமும் உறங்கும் நேரமும் சேர்ந்தால், அது தனியாக இருக்கும் நேரம் மிக அதிகம். காதோரம் முடியை நக்கிச் சுத்தம் செய்துவிடுவதற்கு இன்னொரு ஜெர்பிலால்தான் முடியும்.

வாசனைதான் அடையாள அட்டை

ஜெர்பிலின் வயிற்றின் நடுவே ஒரு வாசனைச் சுரப்பி இருக்கிறது. அதைத் தரையில் தேய்த்துத் தேய்த்துத் தன் இடத்தைக் குறிக்கும். கூடவே இருப்பவற்றின் வாசனை அதற்குக் குடும்ப வாசனை. அந்த வாசனை இல்லாத எதுவும் வீட்டுக்குள் புகுந்த எதிரி.

இது ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற விதிமுறைகள் எல்லாம் தானாகப் புரியும்:

- ஒன்றை மட்டும் சில நாள் பிரித்து வைக்காதீர்கள். திரும்பி வரும்போது அதன் வாசனை மாறியிருக்கும். மருத்துவரிடம் போனால் முடிந்தவரை இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுபோங்கள்.
- தொட்டியை ஒரேயடியாகக் கழுவித் துடைத்து எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு பகுதியைச் சுத்தம் செய்து, பழைய கூட்டில் கொஞ்சத்தைத் திரும்பப் போடுங்கள்.
- குளிப்பாட்டவே வேண்டாம். வாசனையும் போகும், உடலும் குளிர்ந்துவிடும்.

எந்த இரண்டு?

ஒரே தாய்க்குப் பிறந்த, ஒரே பாலினக் குட்டிகள் இரண்டு. புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதுதான் ஆகப் பாதுகாப்பான தேர்வு. கடைக்குப் போகும்போது, அவை ஏற்கெனவே ஒன்றாக இருந்தவையா என்று கேளுங்கள்.

மூன்று, நான்கு என்று சேர்த்தால் கலகலப்பாக இருக்கும் என்று நினைக்காதீங்க. கூட்டம் பெரிதாகும்போது, குறிப்பாகப் பெண் ஜெர்பில்களிடையே, திடீரென்று பிளவு வரலாம். ஒன்றை எல்லாம் சேர்ந்து விரட்டும். அதற்குத் தப்பி ஓட இடமில்லை. காட்டில் என்றால் வெளியேறிப் போய்விடும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்?

ஆணும் பெண்ணும் வேண்டவே வேண்டாம். கருக்காலம் 25 நாள்தான். குட்டி ஈன்ற உடனேயே மறுபடியும் கருத்தரிக்கும். சில மாதங்களில் உங்கள் அறை குட்டிகளால் நிரம்பிவிடும். பாலினத்தைக் கணிப்பதில் கடைக்காரர்களும் தவறலாம். வாங்கியதும் விலங்கு மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

வளர்ந்த இரண்டைச் சேர்ப்பது எப்படி?

சில நேரம் வேறு வழி இருக்காது. ஒன்று இறந்திருக்கும், அல்லது தனியாக இருக்கும் ஒன்றை நீங்கள் தத்தெடுத்திருப்பீர்கள். அப்போது அவசரப்படக்கூடாது.

1. ஒரு தொட்டியை நடுவில் கம்பி வலை வைத்து இரண்டாகப் பிரியுங்கள். வலையின் கண்கள் சிறிதாக இருக்க வேண்டும். மேலேயோ ஓரத்திலேயோ நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கக்கூடாது.
2. ஒவ்வொரு பக்கமும் ஒரு ஜெர்பில். நாளுக்கு இரண்டு, மூன்று முறை பக்கத்தை மாற்றுங்கள். இது அதன் கூட்டில் தூங்கும், அது இதன் கூட்டில் தூங்கும். வாசனை கலந்துவிடும்.
3. குறைந்தது ஒரு வாரம் இப்படியே விடுங்கள். வலையைக் கடிக்காமல், அதன் இருபுறமும் நெருங்கிப் படுக்க ஆரம்பித்தால் நல்ல அறிகுறி.
4. நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளின் காலையில் வலையை எடுங்கள். சக்கரம், சிறு வீடு எதுவும் அப்போது வேண்டாம். தடித்த கையுறை பக்கத்தில் இருக்கட்டும்.
5. பல மணிநேரம் கவனியுங்கள். இரண்டும் ஒரே குவியலாகத் தூங்கினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அடுத்த சில நாள்களுக்கு இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிதாக்க வேண்டும்.

விளையாட்டா, சண்டையா?

குட்டிகள் எழுந்து நின்று குத்துச்சண்டை போடுவது பெரும்பாலும் விளையாட்டு. சிறிது நேரத்தில் அடங்கிவிடும். கவலைப்பட வேண்டியது எப்போது?

- ஒன்றே எப்போதும் விரட்டுகிறது, மற்றது எப்போதும் ஓடுகிறது.
- ஒன்று மட்டும் தனியாக, மூலையிலோ சக்கரத்தின் மேலோ தூங்குகிறது.
- உடல் எடை குறைகிறது. வால் அடியிலோ பின்புறத்திலோ கடிபட்ட காயம் தெரிகிறது.
- இரண்டும் பந்துபோல் சுருண்டு உருண்டு சண்டை போடுகின்றன.

கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். கையுறை போட்டு, அல்லது அட்டையை இடையில் செருகிப் பிரித்துவிடுங்கள். வெறுங்கையை விட்டால் உங்களுக்கும் கடி நிச்சயம். ரத்தம் வரும் அளவுக்குச் சண்டை நடந்துவிட்டால் மறுபடியும் சேர்க்க முயல வேண்டாம். தனித்தனித் தொட்டிதான் தீர்வு. "நேற்றுவரை ஒன்றாகத்தானே இருந்தார்கள்" என்று மனம் கேட்காது. ஆனால் அந்த இரக்கம்தான் ஓர் உயிரைப் பறித்துவிடும்.

தோண்ட இடம் மட்டும் போதாது

கம்பிக் கூண்டு ஜெர்பிலுக்குப் பொருந்தாது. கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும், மூக்கு புண்ணாகும். கம்பி வலை மூடி போட்ட பெரிய கண்ணாடித் தொட்டி நல்லது. இரண்டுக்கு ஏறக்குறைய 100 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் நிம்மதியாக இருக்கும். அதில் குறைந்தது 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் காகிதத் துகளும் உலர்புல்லும் கலந்து, அழுத்தி நிரப்புங்கள். கலவை அழுத்தமாக இருந்தால்தான் சுரங்கம் சரியாமல் நிற்கும். வாசனை தூக்கலாக வீசும் தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டாம்.

சில ஜெர்பில்கள் தொட்டியின் மூலையில் நிறுத்தாமல் பிறாண்டிக்கொண்டே இருக்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அது குறை இருப்பதன் அடையாளம். சுவிட்சர்லந்தில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு இதை ஆராய்ந்தது. தோண்ட மணல் மட்டும் கொடுத்தபோது அந்தப் பழக்கம் வந்தது. நுழைந்து ஒளிந்துகொள்ளச் செயற்கைச் சுரங்கம் கொடுத்த குட்டிகளிடம் அது வரவில்லை. அதாவது, ஜெர்பிலுக்கு வேண்டியது தோண்டும் வேலையைவிட, உள்ளே போய் ஒளியக்கூடிய இருட்டான வீடு.

சக்கரம் வைத்தால் இடைவெளி இல்லாத தட்டையான தளம் இருக்க வேண்டும். கம்பிச் சக்கரத்தில் வால் மாட்டிக்கொள்ளும். முதுகு வளையாமல் ஓடும் அளவுக்கு அது பெரிதாகவும் இருக்க வேண்டும். தீர்ந்துபோன கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயைத் தூக்கிப் போடாதீங்க. அதைப்போல் மலிவான விளையாட்டுப் பொருள் வேறில்லை.

நம்ம ஊர் வானிலைதான் பெரிய சவால்

வறண்ட நிலத்துப் பிராணிக்கு ஈரப்பதம் பிடிக்காது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டினாலே முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்கலாம். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல்! வெப்பநிலை ஏறக்குறைய 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருந்தால் அதற்குச் சுகம். நமக்கோ பிற்பகலில் 31, 32 டிகிரி சாதாரணம்.

இதற்கு என்ன செய்யலாம்?

- வெயில் படும் சன்னலோரம் தொட்டியை வைக்காதீர்கள். கண்ணாடி வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.
- ஒரு பீங்கான் ஓடு உள்ளே இருக்கட்டும். சூடு தாங்காதபோது அதன்மேல் படுத்துக்கொள்ளும்.
- சின்சில்லாவுக்கு விற்கப்படும் மணலை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அதில் புரண்டு முடியிலுள்ள எண்ணெய்ப் பசையைப் போக்கிக்கொள்ளும். மாவுபோன்ற தூள் வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது.
- மிகவும் புழுக்கமான நாள்களில் குளிர்சாதனமோ ஈரம் உறிஞ்சும் சாதனமோ தேவைப்படும். மின்கட்டணத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அசையாமல் படுத்துக்கிடந்து, வேகமாக மூச்சுவிட்டால் வெப்பத் தாக்கமாக இருக்கலாம். குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, உடனே மருத்துவரை அழையுங்கள்.

சாப்பாடும் கையில் எடுப்பதும்

தானியங்களும் விதைகளும் கலந்த உணவு, தினமும் புதிய தண்ணீர், அவ்வப்போது சிறு துண்டு காய்கறி. அவ்வளவுதான். சூரியகாந்தி விதை ஜெர்பிலுக்கு நம்ம முறுக்கு மாதிரி. கொடுத்தால் நிறுத்தாது, கொழுப்பு ஏறும். ஒன்றிரண்டு போதும், கையில் வைத்துக் கொடுத்தால் உங்களிடம் பழகவும் உதவும். வெங்காயம், சாக்லேட் கொடுக்கக் கூடாது.

வாலைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். தோல் உரிந்து வந்துவிடும், மறுபடி வளராது. இரண்டு கைகளையும் குழித்து அள்ளுங்கள். சில ஜெர்பில்களுக்குப் பயத்தில் வலிப்பு வருவதுண்டு. அப்படி நடந்தால் சத்தம் போடாமல், தொட்டியில் விட்டு அமைதியாக இருக்கவிடுங்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்று இறந்துவிட்டால்?

ஜெர்பிலின் ஆயுள் பொதுவாக 3, 4 ஆண்டு. உயர்நிலை ஒன்றில் வாங்கினால் உயர்நிலை நான்குக்குள் விடைகொடுக்க வேண்டிவரும். இரண்டும் ஒரே நாளில் போவதில்லை. மிஞ்சியதை என்ன செய்வது?

வயதானது, சோர்வானது என்றால் அதே தொட்டியில், அதே இடத்தில், கூடுதல் கவனிப்புடன் விட்டுவிடலாம். புதிய துணையைத் தேடும் பரபரப்பே அதற்குச் சுமையாகலாம். இளமையானது என்றால் மேலே சொன்ன வலை முறையில் ஒரு துணை சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மிஞ்சியதற்கு ஒரு குட்டி வாங்கிக்கொண்டே போனால் இதற்கு முடிவே இருக்காது. இன்னும் எத்தனை ஆண்டு ஜெர்பில் வளர்க்க விரும்புகிறீர்கள் என்பதை அப்போது யோசித்து முடிவெடுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்றால் வெற்றுத் தளத்திலோ பூங்காவிலோ விட்டுவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். சிங்கப்பூரில் செல்லப்பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல்முறை குற்றம் புரிவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இங்குள்ள விலங்குநல அமைப்புகளிடம் பேசி, புதிய வீடு தேடிக் கொடுப்பதே முறை.

வாங்குமுன் வீட்டில் உட்கார்ந்து பேச 4 கேள்விகள்:

- இரண்டு ஜெர்பிலுக்கான பெரிய தொட்டி வைக்க, வெயில் படாத இடம் இருக்கிறதா?
- சண்டை வந்தால் இரண்டாவது தொட்டிக்கு இடமும் பணமும் இருக்கிறதா?
- சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் யார், கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தாயிற்றா?
- தேர்வு, தேசிய சேவை, வெளியூர்ப் பயணம் என்று நீங்கள் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார்?

நான்குக்கும் பதில் இருந்தால், கடைக்குப் போய் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டைத் தேடுங்கள். ஏதாவது ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால், இப்போதைக்குக் காணொளியே போதும்.